கியர் பொக்ஸ் ஒழுகுதா? கழற்ற முன்னம் இதைப் பாருங்கள்

[காட்சி: நிறுத்திய காருக்கு அடியில் ஒரு மட்டை, அதில் ஒரு சொட்டு]

வணக்கம். மெனுவல் கியர் கார் நின்ற இடத்தில் ஒயில் கறை. கராஜில் காட்டினால், "கியர் பொக்ஸை இறக்கினால்தான் சொல்லலாம்" என்கிறார்கள். சிலவேளை அது சரிதான். ஆனால் இறக்காமலே பிடிக்கக்கூடிய லீக்குகள் நிறைய இருக்கின்றன.

முதலில், ஒழுகுவது எது? இரவு காருக்கு அடியில் வெள்ளை மட்டையை விரித்து, முன் டயர்கள் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்துவிடுங்கள். காலையில் சொட்டைத் தொட்டு மணந்து பாருங்கள். கியர் ஒயிலில் கந்தகம் இருப்பதால் கூழ்முட்டை நாற்றம் அடிக்கும். எஞ்சின் ஒயில் கறுத்து, கருகின வாடையோடு இருக்கும். மெல்லியதாக, அந்த நாற்றமில்லாமல் வழுக்கினால் கிளட்ச் சிலிண்டரைப் பாருங்கள். அந்தத் திரவம் பெயின்டை உரிக்கும், கையைக் கழுவிவிடுங்கள். வெறும் தண்ணீரா? அது ஏசி. கொழும்புப் புழுக்கத்தில் சொட்டாவிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

[காட்சி: கியர் பொக்ஸின் அடிப்பக்கம், டோர்ச் வெளிச்சத்தில்]

சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றல்ல. ஓடும்போது காற்று ஒயிலைப் பின்னுக்குத் தள்ளும். அதனால் நன்றாகக் கழுவித் துடைத்து, கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு, ஈரம் தெரியும் இடங்களில் ஆக மேலே, ஆக முன்னே இருப்பதைத் தேடுங்கள்.

வடிக்கும் பிளக்கைச் சுற்றி ஈரமென்றால் வொஷரை மாற்றினால் போதும். முன் சில்லு இழுக்கும் கார்களில் இரண்டு பக்க டிரைவ் ஷாஃப்ட் (சில்லைச் சுழற்றும் தண்டு) சீல்கள், பின் சில்லு இழுக்கும் வான்களில் வால்பக்கச் சீல்: இவற்றுக்கும் பெரும்பாலும் பொக்ஸை இறக்கத் தேவையில்லை. எஞ்சினும் பொக்ஸும் சேரும் இடத்தின் அடியில் சொட்டினால்தான் பெரிய வேலை. அங்கே எஞ்சினின் பின் சீலும் போயிருக்கலாம், பொக்ஸின் முன் சீலும் போயிருக்கலாம்; மணம்தான் சொல்லும். எப்படியும் இறக்கத்தான் வேண்டும், கூலி ஒன்றுதான். இரண்டு சீலையும் மாற்றி, கிளட்ச் பிளேட்டில் ஒயில் பட்டிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

பலர் பார்க்காத ஒன்று, பொக்ஸின் மேலே இருக்கும் மூச்சுத் துளை. சின்ன மூடிதான். அது சேற்றில் அடைபட்டால், சூடேறும்போது உள்ளே அழுத்தம் கூடி, நல்ல சீலைக்கூடத் தாண்டி ஒயில் வெளியே வரும். புதுச் சீல் போட்டும் ஒழுகினால், பாஸைத் திட்ட முன்னம் அந்த மூடியைப் பாருங்கள்.

[காட்சி: பஞ்சிகாவத்தைக் கடையில் ஒயில் போத்தல்கள்]

இனி ஒயில். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஒயிலின் தரப் பிரிவுகள். "ஜிஎல்-5 எடுங்க அண்ணே, 4ஐ விட உசத்தி" என்பார் கடைத் தம்பி. அப்படியில்லை. ஜிஎல்-5 முக்கியமாகப் பின் டிஃபரன்ஷியலின் (பின் சில்லுகளுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரங்களின்) கடும் அழுத்தத்துக்காக வந்தது; கந்தக, பொஸ்பரஸ் சேர்மானம் ஜிஎல்-4ஐப் போல் ஏறக்குறைய இரட்டிப்பு. மெனுவல் பொக்ஸில் கியர் சத்தமில்லாமல் விழச் செய்வது சிங்க்ரோ வளையங்கள், பலதிலும் பித்தளை. அவை உரசிப் பிடிக்க வேண்டும். சேர்மானம் அதிகமானால் வழுக்கும். சில ஒயில்கள் பித்தளையை அரிக்கவும் செய்யும். இரண்டாம் கியர் கரகரக்கத் தொடங்கும். ஜிஎல்-5 கேட்கும் பொக்ஸ்களும் உண்டு, ஹொண்டா போல தனக்கென்று எம்டிஎஃப் என்ற தனி ஒயில் கேட்பவையும் உண்டு. காரின் கையேடு சொல்வதை வாங்குங்கள்.

போத்தலில் 75டபிள்யூ-90 என்று இருப்பது ஒயிலின் தடிப்பு எண்; அதில் முதல் எண் குளிருக்கானது. நுவரெலியாவுக்கே ஏறினாலும் அந்தக் குளிர் நமக்கு வராது. நமக்கு வேலை 90க்குத்தான்: சூட்டில் இருக்கும் தடிப்பு. எஞ்சின் ஒயில் எண்களோடு அதை ஒப்பிடாதீர்கள், அளவுகோலே வேறு. லீக்கை நிறுத்த 140 ஊற்றுவது வீண் வேலை. கியர் இறுகும், கிழிந்த சீல் கிழிந்தபடியே இருக்கும்.

மாற்றும்போது ஊற்றும் பிளக்கை முதலில் கழற்றுங்கள். அது இறுகி நிற்பது வடித்த பிறகு தெரிந்தால், காரை நகர்த்தவும் முடியாது. காரைச் சமதரையில் நிறுத்தி, அந்தத் துளையின் விளிம்பு வரை ஊற்றுவதுதான் பெரும்பாலான பொக்ஸ்களுக்கு அளவு. காந்தப் பிளக்கில் சாம்பல் நிறப் பசை இருந்தால் பரவாயில்லை. உலோகத் துண்டு இருந்தால் ஒயில் மாற்றித் தீராது.

வெள்ளத் தண்ணீரில் ஓட்டியவர்களுக்கு ஒன்று. சூடான பொக்ஸ் தண்ணீரில் மூழ்கிச் சட்டென்று குளிரும்போது மூச்சுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். ஒயில் பால் தேநீர் நிறத்தில் வந்தால் லீக் இல்லாவிட்டாலும் முழுவதையும் வடித்து மாற்றுங்கள். கொஞ்சம் ஓடிவிட்டு மறுபடி பாருங்கள், இன்னும் கலங்கலாக இருந்தால் இன்னொரு தடவை.