புது விடுகதை போடுவோம்!

நடுவர் அவர்களே! "பாட்டி சொன்ன விடுகதைகளே போதும், புதிதாக எதற்கு?" என்று கேட்ட எதிரணி ஐயா, தொல்காப்பியத்தையும் துணைக்கு அழைத்தார். நல்லது, எங்களுக்கும் அந்த நூல்தான் சாட்சி. விடுகதையை அதன் செய்யுளியல் என்ற பகுதி 'பிசி' என்கிறது. 'ஒப்பொடு புணர்ந்த உவமத்தானும், தோன்றுவது கிளந்த துணிவினானும்' என்று அதற்கு இரண்டு வகை காட்டுகிறது; உவமை சொல்லிக் கேட்பது ஒன்று, தோன்றுவதைச் சொல்லி விடையைத் துணிய வைப்பது இன்னொன்று. இலக்கணம் யாருக்கு ஐயா? ஒப்பிப்பவனுக்கா, செய்கிறவனுக்கா? பழைய உரை காட்டும் 'பிறை கவ்வி மலை நடக்கும்' என்பது யானை. தந்தத்தில் பிறையைப் பார்த்த எவனோ ஒருவன் அன்றைக்குப் புதிதாகப் போட்டதுதானே அது!

'அம்மா படுத்திருக்க, மகள் ஓடித் திரிவாள்.' அம்மியும் குழவியும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மிக்சி வீட்டில் பிறந்த பிள்ளை இதை எப்படி அவிழ்க்கும்? அம்மியையே பார்க்காத பிள்ளைக்கு அது விடுகதை இல்லை, பொது அறிவுக் கேள்வி.

அதே பிள்ளையை லிஃப்டுக்கு ஒரு விடுகதை போடச் சொல்லுங்கள். 'காலில்லை, ஏறுவான் இறங்குவான்' என்று ஆரம்பிக்கும். கிணற்று வாளியும் அதைத்தானே செய்கிறது என்று பக்கத்துப் பிள்ளை மடக்கும். சரி, 'ஆளை விழுங்குவான், உயிரோடு கக்குவான்' என்று மாற்றும். அது பஸ் என்பான் இன்னொருவன். கடைசியில், 'ஆளை விழுங்குவான், மாடிக்கு மாடி கக்குவான், பசி மட்டும் தீராது' என்று வந்து நிற்கும். வாளிக்கும் இடமில்லை, பஸ்ஸுக்கும் இடமில்லை. தப்பான விடைகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளி, சரியான விடைக்கு மட்டும் ஒரு சந்து விடுகிற இந்த வேலை, ஆயிரம் விடுகதையை ஒப்பித்தாலும் வராது.

புதியதெல்லாம் வெறும் கடி ஜோக் என்றார்கள் எதிரணியினர். கடியில் விடையைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொள்வோம். நல்ல விடுகதையில், 'அட, இதைத் தினம் பார்க்கிறேனே!' என்போம். கடி போடுகிறவனுக்கும் ரெண்டு முறை திருத்திச் சொன்னால் விடுகதை வரும். அவன் வாயை மூடிவிட்டால் எதுவும் வராது.

மணியில் கை வைத்துவிட்டீர்கள். இருங்கள், இங்கேயே ஒன்று போட்டுவிடுகிறேன்: 'நாக்கு உண்டு, பேச்சு வராது, அவன் வாய் திறந்தால் அடுத்தவன் வாய் மூடும்.' விடை உங்கள் கையில்தான் இருக்கிறது, நடுவர் அவர்களே!