மேட்டில் இழுக்காத டீசல் கேம்பர்வேன்: டர்போவில் கை வைக்கிறதுக்கு முன்னாடி

அடுத்த கேள்வி பட்டர்வொர்த்லேருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காரு. காமன் ரயில் டீசல் வேன் (டீசலைப் பீய்ச்சற இன்ஜெக்டர் எல்லாத்துக்கும் ஒரே குழாய்லேருந்து அதிக அழுத்தத்துல டீசல் போற வகை), கேம்பர்வேனா மாத்தினது. சமதரையில நல்லா ஓடுது. ஈப்போ பக்கம் மெனோரா சுரங்கத்துக்கு ஏறும்போது 60க்கு மேல போகல. கருப்புப் புகை இல்ல, இஞ்சின் லைட்டும் எரியல. ஓரமா நிறுத்திட்டு எடுத்தா மறுபடி இழுக்குது. ஒர்க்‌ஷாப்புல டர்போ மாத்தச் சொல்றாங்க, மாத்தலாமான்னு கேக்குறாரு.

இப்ப மாத்தாதீங்கண்ணே. நிறுத்தி எடுத்தா சரியாகுதுன்னு சொன்னீங்க பாருங்க, அதைத்தான் முதல்ல நோண்டணும். அடுத்த தடவை சாவிய ஆஃப் பண்ணி உடனே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. அப்பவே இழுத்தா, கம்ப்யூட்டர் பவரைக் குறைச்சிருக்குன்னு சந்தேகப்படலாம். 10 நிமிஷம் நின்னாதான் இழுக்குதுன்னா, டேங்க் அடியில கிடக்கற அழுக்கு உறிஞ்சு குழாயை அடைக்குது, இஞ்சின் நின்னதும் கீழ விழுந்துடுதுன்னு சந்தேகப்படலாம். கேம்பர்வேன் மாசக்கணக்கா நிக்கற வண்டி. நம்ம ஊர் ஈரக்காத்துல பாதி டேங்கோட நின்னா உள்ள தண்ணி சேரும். இங்க விக்கற டீசல்ல செம்பனை பயோடீசல் கலந்திருக்கு, அது தண்ணிய இழுக்கும். தண்ணி இருக்கற இடத்துல கிருமி வளர்ந்து கருப்பா வழவழன்னு படியும்.

டீசல் பில்டர் அடியில இருக்கற வடிகால் திருகைத் திறந்து 200 மில்லி அளவு கண்ணாடி பாட்டில்ல பிடிங்க. 15 நிமிஷம் அசைக்காம வைங்க. அடியில தண்ணி தனியா நின்னாலோ, கருப்புச் சளி மாதிரி மிதந்தாலோ, கோளாறு டேங்க்ல இருக்கு.

அடுத்து, ஓபிடி டாங்கிள் (இஞ்சின் கம்ப்யூட்டர் தகவலை போன்ல காட்டற சின்ன கருவி) மாட்டி, ரயில் பிரஷர்ல (அந்தப் பொதுக் குழாய்ல இருக்கற டீசல் அழுத்தம்) இஞ்சின் கேக்கறது எவ்வளவு, உண்மையா வர்றது எவ்வளவுன்னு ரெண்டையும் பதிவு பண்ணுங்க. நின்ன இடத்துல ஐட்லிங்ல பாத்துப் பிரயோஜனமே இல்ல, கோளாறு அங்க தெரியாது. மேடு ஏறும்போது பாக்கணும், பக்கத்துல ஒரு ஆள் உக்காந்து பாக்கட்டும். 1400 பார் கேட்டு 900தான் வருதுன்னா டீசல் பத்தல. லைட் எரியாட்டியும் பி 0087 கோட் (ரயில் பிரஷர் குறைவுன்னு அர்த்தம்) உள்ள பதிவாகியிருக்கலாம், அதையும் பாருங்க.

இதை ஏன் பூஸ்ட்டுக்கு (டர்போ இஞ்சினுக்குள்ள தள்ளற காத்தோட அழுத்தம்) முன்னாடி பாக்கணும்னா, டர்போவைச் சுத்தறது புகைக்காத்து. டீசல் குறைஞ்சா அதுவும் குறையும், பூஸ்ட் தானா இறங்கும். பூஸ்ட் கம்மின்னு பாத்து டர்போ மாத்தினவங்க இங்கதான் ஏமாந்து போறாங்க, ஆயிரக்கணக்கான ரிங்கிட் போயிடும்.

ரயில் பிரஷர் சரியா வந்து பூஸ்ட் மட்டும் கம்மின்னா அப்ப காத்துப் பக்கம் போங்க. ஏர் பில்டர், இன்டர்கூலர் (டர்போ காத்தைக் குளிர வைக்கறது) ஹோஸ், கிளாம்ப். ஹோஸ்ல இஞ்சின் ஆயில் கசிஞ்சு ஈரமா இருக்கற இடத்தை விரலால அமுக்கி விரிச்சுப் பாருங்க, வெடிப்பு அங்க இருக்கலாம். டர்போ ஆக்சுவேட்டர் (பூஸ்ட்டைக் கூட்டிக் குறைக்கற பாகம்) வேக்குவம்ல ஓடற வண்டின்னா அந்த மெல்லிய குழாயும் சூட்டுல இறுகி வெடிக்கும்.

டீசல் பக்கம்தான் கோளாறுன்னு தெரிஞ்சா, மெக்கானிக்கை விட்டு சுத்தமான டீசல் கேன்லேருந்து நேரா பில்டருக்குக் குழாய் கொடுத்து மேட்டுல ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க. கேனை வண்டிக்குள்ள விழாம கட்டணும். குழாய்ல ஒரு துண்டு தெளிவான குழாயா இருந்தா, காத்துக்குமிழி வருதான்னும் தெரிஞ்சிடும். கேன்ல இழுத்தா டேங்கும் உறிஞ்சு குழாயும்தான். அப்பவும் இழுக்கலன்னா பில்டர், ஹைபிரஷர் பம்ப்புக்குள்ள போற டீசல் அளவைக் கட்டுப்படுத்தற எஸ்சிவி வால்வு, கடைசியாதான் இன்ஜெக்டர்.

ஒண்ணு கவனமாக் கேளுங்க. இஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தவே கூடாது. அந்த அழுத்தத்துல பீய்ச்சற டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிடும், விரலையே எடுக்க வேண்டி வரும்.

டேங்கை இறக்கிக் கழுவினா புது பில்டர் போட்டு, கை பம்ப் இறுகற வரைக்கும் அமுக்கி டீசல் ஏத்தின பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க. ஹைபிரஷர் பம்ப்புக்கு டீசல்தான் மசகு, காஞ்சு சுத்தினா தேஞ்சிடும். கழுவியும் ஒட்டியிருக்கற மிச்சம் பின்னாடி கழண்டு வரும், அதனால 1000 கிலோமீட்டர்ல அந்தப் பில்டரை இன்னொரு தடவை மாத்திடுங்க.