சமணப் பள்ளிகளை அளப்பதும் காப்பதும்

மதுரைப் பக்கத்துச் சமணர் குன்றுகளைப் பதிவு செய்யப் போகிறவர்கள் பலரும் சிற்பத்தைப் படமெடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். கீழக்குயில்குடி சமணமலையையே பாருங்கள். செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் என்ற சிற்ப இடங்கள், அங்குள்ள வட்டெழுத்துகள் (பழைய தமிழ் எழுத்து) எல்லோருக்கும் தெரிந்தவை. பேச்சிப்பள்ளத்துக்கு மேலே ஏறினால் பள்ளிக் கட்டடத்தின், அதாவது சமண முனிவர்கள் தங்கி வழிபட்ட இடத்தின், அடித்தளம் மட்டும் மிஞ்சிக் கிடக்கிறது. அங்கே எத்தனை பேர் டேப்பைப் பிடிக்கிறோம்? பாறையில் வெட்டிய படி, பந்தல்கால் குழி, சுனை, முனிவர்களின் கற்படுக்கை எல்லாம் சேர்ந்ததுதான் பள்ளி.

இதில் சட்டமும் இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடமென்றால், அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. சிற்பப் பாறையை மட்டும் எல்லையாக வரைந்தால், அந்தத் தூரமும் அங்கிருந்துதான் தொடங்கும். மலையின் மறுபுறம் குவாரிக்குத் திறந்து கிடக்கும்.

முழைஞ்சுக்குள், அதாவது குகைக்குள், ஜிபிஎஸை நம்பாதீர்கள். பாறைக் கூரை சிக்னலை மறைத்துவிடும். வெளியே திறந்த வெளியில் ஒரு புள்ளியை உறுதி செய்துகொண்டு, அங்கிருந்து டேப்பும் திசைகாட்டியும் வைத்து உள்ளே போங்கள். எழுத்துகளைச் சாய்வொளியில் நாலு திசையிலிருந்தும் படமெடுங்கள். முப்பரிமாணப் பதிவுக்கு ஒரு படம் அடுத்ததோடு 70 சதவீதமாவது மேற்பொருந்த வேண்டும். அளவுகோல் இல்லாத படம் வீண். சாக்கட்டியால் எழுத்தை நிரப்பவே கூடாது. நிரப்புகிறவர் தான் வாசித்ததைத்தான் வரைகிறார், கல்லில் இருப்பதை அல்ல!

மைப்படி (கல்லெழுத்தின் மேல் ஈரத்தாளை ஒட்டி, மசியை ஒற்றி எடுக்கும் நகல்) எடுக்கும்போது தாளில் ஈரம் மிகுந்தால் மசி ஊறிக் கல்லில் கறையாகும். காய்ந்துவிட்டால் தாள் கழன்று விழும். அரை ஈரத்தில் மசியை ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். பாறை செதில் செதிலாக உரியும் இடத்தில் மைப்படியே வேண்டாம், படம் போதும்.

காப்பதில் முதல் வேலை தண்ணீர். முழைஞ்சின் நெற்றியில் மழைநீர் உள்ளே வடியாமல் வெட்டிய காடியில் மண்ணும் வேரும் அடைத்தால், நீர் நேரே சிற்பத்தின் மேல் இறங்கி வெள்ளை உப்பாகப் பூக்கும். ஐப்பசிக்கு முன்னால் மூங்கில் குச்சியால் காடியைச் சுத்தம் செய்யுங்கள், கடப்பாரை வேண்டாம். வேரைப் பிடுங்கினால் பாறையும் பெயரும், அறுத்துவிடுங்கள். விரிசலில் சிமெண்ட் பூசுவது இன்னும் மோசம்: ஈரம் உள்ளே தங்கி, பக்கத்துப் பாறை உரியும். பக்தியில் ஊற்றும் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்புப் பொருக்காக இறுகும். அதை ஆசிட் போட்டுத் தேய்க்கிற ஆர்வலர்களைத்தான் முதலில் தடுக்க வேண்டும். தை பிறந்ததும் அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் மறுபடி படமெடுத்து, போன ஆண்டுப் படத்தோடு ஒப்பிடுங்கள்.