ஒரு சட்டி, ஒரு தட்டு: பினாங்கு ஒட்டுக்கடைகளில் ஒரு நாள்

வணக்கம் மக்களே. மணி காலை ஏழே கால். பின்னால் காற்றுச் சத்தம் கேட்கிறதா? பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ் டவுனுக்குப் போகும் ஃபெரியில் நிற்கிறேன். 1985-ல் பாலம் திறந்ததிலிருந்து பெரும்பாலானவர்கள் அந்தப் 13.5 கிலோமீட்டரைக் காரிலேயே கடந்துவிடுகிறார்கள். சாப்பிடுவதற்கென்றே கிளம்புகிற நாளில் எனக்கு ஃபெரிதான். உப்புக்காற்று பட்டால் பசி தானாக வரும். இன்னும் பசியாறவில்லை. வெறும் வயிற்றோடு வந்திருக்கிறேன்.

போன காணொளிக்குக் கீழே பலர், குறிப்பாகத் தமிழ்நாட்டிலிருந்து பார்க்கிறவர்கள், ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள்: "பினாங்கில் எந்தக் கடை நல்ல கடை?" இன்றைக்கு ஒரு கடைப் பெயரும் சொல்லப் போவதில்லை. தெருவைச் சொல்கிறேன், சாப்பாட்டைச் சொல்கிறேன், கடையில் எதைப் பார்க்க வேண்டும் என்று காட்டுகிறேன். சமைக்கிறவரின் கையைப் பாருங்கள். அவர் ஒரே ஒரு சாப்பாட்டை மட்டும் செய்கிறாரா, ஒவ்வொரு தட்டாகச் செய்கிறாரா? அது போதும். தைரியமாக உட்காரலாம்.

சரி, இறங்கியாச்சு. பூலாவ் தீக்குஸ் சந்தைப் பக்கம் வந்திருக்கிறேன். இதோ பாருங்கள், நம் ஆப்பம். இங்கே எல்லா இனத்தவரும் "அப்போம்" என்றுதான் கேட்பார்கள். சின்னச் சின்ன மண்சட்டிகள், அடியில் நெருப்பு, மேலே மூடி. இந்த அக்கா கை நிற்கவே இல்லை. முதல் சட்டியில் மாவை ஊற்றிச் சுழற்றி மூடுகிறார். கடைசிச் சட்டிக்குப் போவதற்குள் முதல் சட்டி வெந்துவிடுகிறது. ஓரம் மொறுமொறுவென்று சட்டியை விட்டுப் பிரிந்ததும் கத்தி நுனியால் எடுத்து மடிக்கிறார். தேங்காய்ப்பால் மாவிலேயே இருப்பதால் தொட்டுக்கொள்ள எதுவும் வேண்டாம். எனக்கு முன்னால் நின்ற சீன ஆண்ட்டி பத்து வாங்கிக்கொண்டு போனார். நான் நான்கு. நடுப்பகுதி பஞ்சு மாதிரி, லேசாகப் புளித்த வாசம். வீட்டில் அம்மா சுடுவதை விட இனிப்புக் கொஞ்சம் தூக்கல்.

அடுத்து கோப்பிக் கடை. முதல் முறை வருகிறவர்கள் தடுமாறுகிற இடம் இது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன். கோப்பித்தியாம் என்கிற இந்தக் கடையின் முதலாளி பெரும்பாலும் தண்ணீர் மட்டும்தான் விற்பார், அதாவது கோப்பி, தே என்கிற டீ, பார்லி மாதிரி. முன்னாலும் ஓரங்களிலும் நிற்கிற தள்ளுவண்டிகள் எல்லாம் வேறு வேறு ஆட்களுடையவை. அவர்கள் முதலாளிக்கு வாடகை கட்டுகிறார்கள். நீங்கள் முதலில் ஒரு மேசையைப் பிடியுங்கள். பிறகு ஒவ்வொரு வண்டியாகப் போய் வேண்டியதைச் சொல்லி, உங்கள் மேசையைக் கைகாட்டிவிட்டு வாருங்கள். சாப்பாடு தேடி வரும். தட்டு வந்ததும் அவரவருக்குத் தனித்தனியாகக் காசு கொடுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு பானமாவது வாங்குவது மரியாதை, அந்த மேசையும் நாற்காலியும் கோப்பிக்காரருடையது. கோப்பி என்று மட்டும் சொன்னால் கட்டிப்பால் போட்டு வரும். பால் வேண்டாம், சீனி மட்டும் என்றால் கோப்பி ஓ. சீனியும் வேண்டாம் என்றால் கோப்பி ஓ கோசோங்.

இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரே மேசையில் ஒருவர் மீ, அதாவது நூடுல்ஸ், சாப்பிடுவார், பக்கத்தில் இருப்பவர் கஞ்சி குடிப்பார், இன்னொருவர் முன்னால் ரொட்டி இருக்கும். மூன்றும் மூன்று பேர் கையிலிருந்து வந்தவை. அந்த மூவருக்கும் மற்ற இரண்டையும் செய்யத் தெரியாது, செய்ய நினைத்ததும் கிடையாது.

மணி பதினொன்றரை. ஆயர் ஈத்தாம். அங்கே குன்றின் மேல் தெரிகிறதே, அதுதான் கெக் லோக் சி புத்தர் கோயில். அடிவாரத்தில் சந்தை, சந்தையைச் சுற்றி ஒட்டுக்கடைகள், அதாவது தெருவோரச் சாப்பாட்டுக் கடைகள். இங்கே வந்தால் அஸாம் லக்சாதான்.

லக்சா என்றதும் தேங்காய்ப்பால் போட்ட மஞ்சள் குழம்பை நினைப்பவர்கள் அதை மறந்துவிடுங்கள். இதில் தேங்காய்ப்பால் சொட்டுகூட இல்லை. கெம்போங் மீன், ஊரில் நீங்கள் கானாங்கெளுத்தி என்பீர்கள், அதை வேகவைத்து முள் எடுத்து உதிர்த்து, குழம்பு கெட்டிப்படுகிற அளவுக்குப் போடுகிறார்கள். புளிப்பு வருவது அஸாம் கெப்பிங்கிலிருந்து. காயவைத்த பழத்துண்டு, மீன் குழம்பில் போடுகிற குடம்புளிக்குச் சொந்தக்காரன். பெரிய அண்டாவில் அது கொதிக்கும்போது தெரு முனை வரைக்கும் வாசம் வரும். தடித்த அரிசி மீ, மேலே நீளவாட்டில் அரிந்த வெள்ளரிக்காய், அன்னாசி, வெங்காயம், புதினா, மிளகாய். அப்புறம் இந்த இளஞ்சிவப்புத் துருவல் தெரிகிறதா? பூங்கா காந்தான், இஞ்சி இனத்துப் பூவின் மொட்டு. இதை விட்டுவிட்டால் வெறும் மீன் புளிக்குழம்பு. இது சேர்ந்தால் லக்சா.

ஒரு விஷயத்தைக் கிட்டப் பார்க்க வேண்டும், கேமராவைக் கீழே கொண்டு வருகிறேன். லக்சா போடுகிற அக்கா கொதிக்கிற குழம்பைக் கிண்ணத்தில் இருக்கிற மீ மேல் ஊற்றுகிறார், உடனே கிண்ணத்தைச் சாய்த்துக் குழம்பைத் திரும்ப அண்டாவிலேயே வடிக்கிறார். மறுபடி ஊற்றுகிறார், வடிக்கிறார். நான் எண்ணினேன், நான்கு முறை. ஆறிப்போன மீயை உள்ளே வரைக்கும் சூடாக்குகிற வேலை இது. அவசரப்பட்டு ஒரு தடவை ஊற்றிக் கொடுத்தால் குழம்பு சுடும், மீ சில்லென்று இருக்கும். முப்பது கிண்ணத்துக்கும் அதே நான்கு முறை. மணிக்கட்டில் பட்டை கட்டியிருக்கிறார் பாருங்கள்.

கரண்டியில் கறுப்பாக, பாகு மாதிரி தனியாகத் தருகிறார்களே, அது ஹே கோ, இறால் விழுது. முழுவதையும் முதலிலேயே கலக்காதீர்கள். குழம்பை முதலில் வெறுமனே இரண்டு வாய் குடியுங்கள். புளிப்பும் காரமும் நாக்கில் உட்காரட்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள். அடிக்கிண்ணத்துக்கு வரும்போது அது வேறு குழம்பாகியிருக்கும். இன்றைக்கு 7 வெள்ளி, அதாவது ரிங்கிட், கொடுத்தேன். இந்தக் கிண்ணத்துக்காக மட்டுமே பினாங்கு வரலாம், மனதாரச் சொல்கிறேன்.

மத்தியான வெயிலுக்குப் பினாங்கு ரோட்டை ஒட்டிய லெபோ கெங் குவீ சந்தில் ஒரு செண்டோல். பாண்டான் இலைச் சாறு போட்ட பச்சைச் சேவை, சிவப்பு பீன்ஸ், தேங்காய்ப்பால், கூலா மலாக்கா என்கிற தென்னைவெல்லப் பாகு, துருவின பனிக்கட்டி. நின்றுகொண்டே குடித்துவிட்டு நகர வேண்டியதுதான். பின்னால் வரிசை நிற்கிறது.

சாயங்காலம் ஐந்து மணி. பாடாங் கோத்தா லாமா, கடலோரம். இங்கேதான் நம் ஆட்களின் கைவரிசை. பசெம்பூர் வண்டியைப் பாருங்கள்: இறால் வடை, பருப்பு வடை, தவு (டோஃபு), உருளைக்கிழங்கு, அவித்த முட்டை, கணவாய், நண்டு, எல்லாம் மலையாகக் குவிந்திருக்கிறது. வேண்டியதைக் காட்டினால் வெட்டி, வெள்ளரியும் செங்குவாங் கிழங்கும் துருவிப் போட்டு, மேலே செம்பழுப்புக் குழம்பை ஊற்றித் தருவார்கள். சர்க்கரைவள்ளி, மிளகாய், கடலை சேர்ந்த குழம்பு. இனிப்பும் காரமும் சண்டை போடாமல் இருக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு துண்டுக்கும் தனி விலை. சில வருடங்களுக்கு முன் ஓரிடத்தில், பெயர் வேண்டாம், நண்டும் பெரிய இறாலும் விலை கேட்காமல் எடுத்துவிட்டேன். இரண்டு பேர் சாப்பிட்டதற்கு வந்த பில்லைப் பார்த்து என் தங்கை சாப்பாட்டையே தள்ளிவைத்துவிட்டாள். வெட்டுவதற்கு முன்னால் "அண்ணே, மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அந்த "அண்ணே" பற்றிச் சொல்ல வேண்டும். மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற சாப்பாட்டுக் கடையில், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்து மேசையில் ஒரு சீனப் பையன் அப்படிக் கூப்பிட்டுத்தான் மீ கோரேங் வாங்கினான். அந்த மீ கோரேங்கும் அப்படித்தான்: மீ சீனர்களுடையது, அதைச் சிவப்பாக, மிளகாய் விழுதும் உருளைக்கிழங்கும் போட்டு வறுத்தது தமிழ் முஸ்லிம்கள். கடலூரிலோ நாகூரிலோ போய்க் கேட்டால் கிடைக்காது, சீனாவிலும் கிடையாது. இந்தக் கரையில் பிறந்த சாப்பாடு.

இப்போது மணி எட்டு. சூலியா தெரு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களை அந்தக் காலத்தில் சூலியா என்பார்கள், அவர்கள் பெயரில் தெரு. நடந்து போகிற தூரத்தில் 1801-ல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். ராத்திரியானால் இந்தத் தெரு ஓரத்தில் வண்டிகள் வரிசையாக வந்து நின்றுவிடும். நான் வந்தது சார் கொய் தியாவுக்கு.

அரிசி மாவில் செய்த பட்டை மீயை வறுப்பது, பெயரின் அர்த்தமே அவ்வளவுதான். ஒரு காலத்தில் கூலி வேலை செய்தவர்களின் சாப்பாடு, மலிவாகவும் வயிறு நிறையவும் வேண்டும் என்று செய்தது. வறுக்கிற அங்கிளுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எனக்கு முன்னால் பதினொரு பேர். கிட்ட நின்று பார்க்கிறேன். சட்டி புகைய ஆரம்பித்ததும் எண்ணெய், பூண்டு. இறால் நிறம் மாறியதும் கொய் தியாவ், மிளகாய் விழுது, சோயா. ஒரு பக்கமாக ஒதுக்கி, காலியான இடத்தில் முட்டை உடைக்கிறார். அது முழுதாக வேகுமுன் மீயை அதன் மேல் புரட்டுகிறார். தவுகே என்கிற பயறு முளை, கூச்சாய்க் கீரை. அடுப்பை அணைக்கப் போகிற நேரத்தில் சிப்பிச்சதை, சூடு பட்டால் போதும். எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடம்கூட இல்லை.

முன்னால் நின்றவர் மூன்று தட்டு தப்பாவ், அதாவது பார்சல், கேட்டார், சேர்த்துப் போட்டுவிடுங்கள் என்றார். அங்கிள் தலையை ஆட்டினார், முடியாது என்று. மூன்று தனித்தனித் தட்டாகவே வறுத்தார். ஏன் என்று அவரிடமே கேட்டேன். மலாயில் சொன்னார்: நிறையப் போட்டால் சட்டி குளிர்ந்துவிடும், மீ தண்ணீர் விட்டுக்கொள்ளும், வறுப்பதற்குப் பதில் வேகும். கண்டோனீஸில் வோக் ஹெய் என்கிற அந்தப் புகைவாசம், சட்டியின் மூச்சு, ஒவ்வொரு தட்டாக வறுத்தால்தான் வரும். என் தட்டு வந்துவிட்டது. 9 வெள்ளி. மீயின் ஓரம் இங்கே கருகியிருக்கிறது பாருங்கள், இந்தத் துண்டுதான். இதற்காகத்தான் நாற்பது நிமிடம் நின்றேன்.

பல வண்டிகளில் பன்றிக் கொழுப்பில்தான் வறுப்பார்கள். சாப்பிடாதவர்கள் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மலாய்க்காரர் வண்டிகளில் கொழுப்பில்லாமல் கிடைக்கும்.

அங்கிளிடம் இன்னொன்றும் கேட்டேன், பிள்ளைகள் யாராவது வருகிறார்களா என்று. "ஆஃபிஸ் வேலை" என்று மட்டும் சொல்லிச் சிரித்தார். பினாங்கு அரசு 2016-லிருந்து ஒட்டுக்கடைகளில் உள்ளூர் சாப்பாட்டை வெளிநாட்டவர் முதன்மைச் சமையல்காரராக நின்று சமைக்கக் கூடாது என்று வைத்திருக்கிறது. ருசி மாறிவிடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பத்து வருடம் பக்கத்தில் நின்று தவுகே கழுவி, இறால் உரித்து, அந்தக் கையைப் பார்த்துப் பழகினவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் அவரிடம் அந்த ருசி இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இங்கேயே பிறந்தவர் என்பதற்காக மட்டும் சட்டியைப் பிடிக்கத் தெரிந்துவிடாது. சம்பளம் கொடுத்து, இளம் பிள்ளைகளை இந்த அங்கிள்களிடம் நிறுத்தினால் நல்லது. இதைப் பார்க்கிற உள்ளூர்த் தம்பி தங்கைகள் யாருக்காவது ஆசை இருந்தால், போய்க் கேளுங்கள்.

மணி பதினொன்று. கடைசி. நாசி கண்டார் வரிசையில் நிற்கிறேன். கண்டார் என்றால் மலாயில் தோளில் சுமக்கிற காவடித் தடி. ஒரு முனையில் சோறு, மறு முனையில் குழம்பு என்று தமிழ் முஸ்லிம்கள் சுமந்துபோய்த் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றார்கள். என் தாத்தா அந்தத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். விடிகாலையில் வேலைக்குப் போகுமுன் மரத்தடியில் குந்தி உட்கார்ந்து சாப்பிட்டதைச் சொல்லிக்கொண்டே இருப்பார். சோற்றை விடக் குழம்பைப் பற்றித்தான் பேசுவார்.

இங்கேயும் கையைத்தான் பார்க்க வேண்டும். சோற்றில் கோழிக் குழம்பு ஒரு கரண்டி, மீன் குழம்பு ஒரு கரண்டி, கெட்டியான மசாலா கொஞ்சம், ஓரத்தில் வெண்டைக்காய். எது முதலில், எது மேலே என்று அவர் கைக்குத் தெரியும். "பஞ்ஜிர்" என்று சொன்னால் வெள்ளமாக ஊற்றுவார். மாட்டிறைச்சிக் குழம்பும் கலப்பார்கள், வேண்டாதவர்கள் சோறு போடும்போதே சொல்லிவிடுங்கள்.

என் முறை வந்துவிட்டது. அண்ணே, கோழி, வெண்டைக்காய், மீன் சினை. பஞ்ஜிர் போடுங்கள். மக்களே, கேமராவை இங்கே சாய்த்து வைக்கிறேன். இதைக் கையால் பிசைந்துதான் சாப்பிட வேண்டும்.