ஸ்கேனில் தொடை எலும்பை அளந்து வாரக் கணக்கு சொல்வது எப்படி?

[திரையில்: ஸ்கேன் ரிப்போர்ட். ‘எஃப்எல்’ என்ற வரி பெரிதாகிறது]

ஒன்பதாம் மாத ஸ்கேன் முடிந்து ரிப்போர்ட் கைக்கு வருகிறது. நாள் கணக்குப்படி 36 வாரம். ஆனால் எஃப்எல் என்ற வரிக்கு நேரே 34 வாரம் என்று போட்டிருக்கிறது. வீட்டில் உடனே பதற்றம்: “குழந்தை வளரலையா? இல்லை, நாள் கணக்கே தப்பா?” பெரும்பாலும் இரண்டுமே இல்லை.

எஃப்எல் என்பது குழந்தையின் தொடை எலும்பு நீளம். அதை எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்தால் இந்தக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

[திரையில்: கறுப்புப் பின்னணியில் பளிச்சென்ற வெள்ளைக் கோடு]

இந்த வெள்ளைக் கோடுதான் தொடை எலும்பு. கெட்டிப்பட்ட நடுத்தண்டை மட்டுமே அளக்க வேண்டும். இரு முனைகளிலும் உள்ள குருத்தெலும்பு கணக்கில் சேராது. எலும்பு முழு நீளத்துக்கும் படுக்கைவாக்கில், இரண்டு முனையும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஸ்கேன் படம் கொஞ்சம் கோணலாக விழுந்தாலும் அளவில் நீளம் குறைந்துவிடும். குழந்தை அசைந்துகொண்டே இருக்கும் என்பதால் நிதானமாக, இரண்டு மூன்று முறை அளப்பது நல்லது.

20 வாரத்தில் இந்த எலும்பு சுமார் 33 மில்லிமீட்டர் இருக்கும். அந்தச் சமயத்தில் வாரத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்கிறது. கடைசி மாதத்திலோ வாரத்துக்கு ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர்தான். சரி, அளப்பதில் 2 மில்லிமீட்டர் பிசகினால் என்ன ஆகும்? 20 வாரத்தில் நாலைந்து நாள் வித்தியாசம் வரும். 38 வாரத்தில் அதே 2 மில்லிமீட்டர் ஒரு வாரத்தையே விழுங்கிவிடும். அதோடு, அப்பா அம்மா குள்ளமா உயரமா என்பதும் கடைசி மாதங்களில் எலும்பில் தெரிய ஆரம்பித்துவிடும்.

அதனால்தான் முதல் மூன்று மாத ஸ்கேனை இவ்வளவு வலியுறுத்துகிறோம். அப்போது தலை உச்சியிலிருந்து பிட்டம் வரை அளப்பார்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1973-ல் ராபின்சன் என்ற மருத்துவர் வெளியிட்ட முறை இது. அந்த வாரங்களில் எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதால் ஐந்து முதல் ஏழு நாள் துல்லியம் கிடைக்கும். 28 வாரம் தாண்டினால் மூன்று வாரம் வரைகூட முன்னே பின்னே ஆகலாம்.

ஆக, முதல் ஸ்கேனில் முடிவான பிரசவத் தேதியை அப்புறம் வரும் ஸ்கேனை வைத்து மாற்றக் கூடாது. பின்னால் எடுக்கும் தொடை எலும்பு அளவு, குழந்தை சரியாக வளர்கிறதா என்று பார்க்கத்தான். அதையும் தனியாகப் பார்ப்பதில்லை. தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, முந்தைய ஸ்கேன் எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் டாக்டர் பார்ப்பார்.

ஆரம்ப ஸ்கேனே எடுக்கவில்லையா? 18 முதல் 22 வாரத்துக்குள் எடுப்பதை விட்டுவிடாதீர்கள். தலையும் தொடை எலும்பும் சேர்ந்தால் அப்போதும் ஓரளவு நம்பகமான கணக்கு கிடைக்கும். அதையும் தாண்டிவிட்டால், இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி அளந்து, இடையில் எவ்வளவு வளர்ந்தது என்று பார்ப்பார்கள்.

பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போகிறவர்கள், அந்த முதல் ரிப்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போய்ப் புது டாக்டரிடம் காட்டுங்கள்.