மியாடி கலானிலிருந்து டோக்கியோ வரை

(வியாசர்பாடியில் பெண்கள் விளையாட்டு குறித்து நடந்த மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, மாணவிகளே, வேலை முடிந்த கையோடு நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

வியாசர்பாடி என்றாலே கால்பந்துதான் என்று சென்னையே சொல்லும். பந்தாட்டத்தின் அருமை தெரிந்த இந்த அவையில், இந்திய மகளிர் ஹாக்கி அணியில் தற்காப்பு ஆட்டக்காரராக ஆடிய குர்ஜித் கவுரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அமிர்தசரஸ் மாவட்டத்தில், பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய மியாடி கலான் என்னும் சிற்றூரில், 1995இல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பெண் பிள்ளைகள் நன்றாகப் படிக்க வேண்டும் என்று விரும்பிய தந்தை, இவரையும் அக்காவையும் கைரோன் என்னும் ஊரிலிருந்த விடுதிப் பள்ளியில் சேர்த்தார். படிக்கப் போன இடத்தில்தான் ஹாக்கி வந்து சேர்ந்தது. பிறகு ஜலந்தரில் கல்லூரி, அதன் பிறகு வட மத்திய ரயில்வேயில் வேலை. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையைச் சுற்றி வாழும் நமக்கு 'ஸ்போர்ட்ஸ் கோட்டா', அதாவது விளையாட்டு வீரர்களுக்கான வேலை ஒதுக்கீடு, என்ற சொல்லின் எடை தெரியும். விடுதிச் சோறும் மாதச் சம்பளமும் இல்லாமல் ஒரு விவசாயி மகள் பத்து ஆண்டுகளுக்கு மேல் மட்டையைப் பிடித்திருக்க முடியாது என்பதை நான் அழுத்தியே சொல்கிறேன்.

இதோ, இந்த மட்டையைப் பாருங்கள். ஒரு பக்கம்தான் தட்டை. மறுபக்கம் உருண்டை, அதனால் பந்தைத் தொடக் கூடாது. எதிரணி தன் கோலுக்கு அருகே விதி மீறினால் நமக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்புதான் பெனால்டி கார்னர். அதில் கோலை நோக்கிய முதல் அடி ஓங்கி அடிக்கும் அடியாக இருந்தால், பந்து கோல் கோட்டைக் கடக்கும்போது 460 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. பந்தை அடிக்காமல், மட்டையின் வளைவில் ஏந்தி, தரையோடு இழுத்துவந்து வீசினால் அந்தத் தடை இல்லை. அதுதான் டிராக் ஃபிளிக். கால் அகன்று, இடுப்பு தாழ்ந்து, முதுகு முழுவதும் முறுக்கிக்கொண்டு பந்தை விடுவிக்க வேண்டும். அரை நொடி தாமதித்தாலும் எதிரணியினர் முகமூடி அணிந்து பாய்ந்து வந்துவிடுவார்கள். எதிரணிக்குக் கார்னர் கிடைக்கும்போது அப்படிப் பாய்ந்து ஓடுவதும் தற்காப்பு ஆட்டக்காரரின் வேலைதான் என்பதை நினைவில் வையுங்கள்.

2017 ஆசியக் கோப்பையில் இந்தியா வென்றபோது இவர் 8 கோல்கள் அடித்திருந்தார். இருந்தாலும் நாடு இவரை அறிந்தது 2021 ஆகஸ்ட் 2 அன்றுதான். டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்று, தட்டுத்தடுமாறிக் காலிறுதிக்கு வந்த நம் அணிக்கு எதிரே, அதுவரை ஓர் ஆட்டத்திலும் தோற்காத ஆஸ்திரேலியா நின்றது. 22ஆம் நிமிடத்தில் கிடைத்த பெனால்டி கார்னரைக் குர்ஜித் கோலாக்கினார். மீதமிருந்த 38 நிமிடமும் கோல்கீப்பர் சவிதா பூனியாவும் அவருக்கு முன்னால் நின்ற தற்காப்பு வரிசையும் அந்த ஒற்றைக் கோலைக் கட்டிக் காத்தார்கள். செய்தித்தாள்கள் கோலைக் கொண்டாடின. என் மனத்தில் நிற்பது அந்த 38 நிமிடம்தான். மகளிர் ஹாக்கியில் இந்தியா ஒலிம்பிக் அரையிறுதிக்குச் சென்றது அதுவே முதல்முறை.

அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் 1-2 என்று தோற்றோம். அந்த ஒரு கோலும் இவர் அடித்ததே. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பிரிட்டனிடம் 0-2 என்று பின்தங்கியிருந்தபோது 25, 26ஆம் நிமிடங்களில் அடுத்தடுத்து இரண்டு கோல்கள் போட்டார். ஆட்டம் 3-4 என்று கைநழுவியது. அந்த ஆண்டின் சிறந்த வீராங்கனை விருதைச் சர்வதேச ஹாக்கி கூட்டமைப்பு இவருக்கு வழங்கியது.

மாணவிகளே, கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வந்து இந்த மட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். வளைவின் உட்புறத்தில், பந்தை இழுத்து இழுத்துச் சாயம் போன ஓர் இடம் இருக்கிறது. அங்கே விரலை வைத்துப் பாருங்கள்.