காப்பி அழுத்தினீர்கள்... பக்கத்து கம்ப்யூட்டருக்கு என்ன போனது?

(திரையில்: கும்பகோணத்தில் ஒரு டிடிபி கடை)

வணக்கம் நண்பர்களே! ஒரு கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை டைப் ஆகிறது, அடுத்ததில் டிசைன். "அண்ணே, முகூர்த்த நேரத்தை வாட்ஸாப்பில் போடுங்க!" இரண்டு பேருக்கும் நடுவே நாலடிதான் தூரம்!

கட், காப்பி, பேஸ்ட் எல்லாம் 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் 'பார்க்' ஆய்வகத்தில் லாரி டெஸ்லர் கூட்டாளிகளோடு கொடுத்தது. வரலாறு அவ்வளவு போதும்.

இப்போது டெஸ்க்ஃப்ளோ என்ற இலவச மென்பொருளை இரண்டிலும் போடுகிறோம். ஒரே கீபோர்டு, ஒரே மவுஸ், காப்பி செய்தது தற்காலிகமாகத் தங்கும் இடமான கிளிப்போர்டும் பொது. இங்கே காப்பி செய்கிறேன். அங்கே என்ன போனது? "என்னிடம் ஒன்று இருக்கிறது" என்ற தகவல் மட்டும்தான்! மவுஸ் அம்பு திரையின் ஓரத்தைத் தாண்டி அடுத்த கம்ப்யூட்டருக்குள் நுழையும்போதுதான் சரக்கே கிளம்பும்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புதுசா? ஜூன் 12 அன்று மேட்டூரில் தண்ணீர் திறந்தாச்சு என்று செய்தி வந்ததும் வேதாரண்யம் பக்கம் கடைமடை வயல் நனைந்துவிடுமா? கல்லணைக்கு வர வேண்டும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நாலு வழி. எந்த ஷட்டரைத் தூக்குகிறார்களோ அந்தப் பக்கம்தான் தண்ணீர். கீபோர்டு செருகிய கம்ப்யூட்டர்தான் இங்கே கல்லணை. அம்பு எந்தப் பக்கம் போகிறதோ, அந்த மதகு திறக்கும். இதைக் கண்டுபிடித்தபோது நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன், சத்தியமாக!

விண்டோஸிலேயே 2018 முதல் கிளிப்போர்டு ஒத்திசைவு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் பக்கத்து மேசைக்குப் போவது மைக்ரோசாஃப்ட் சர்வரைச் சுற்றி வருகிறது. எதிர்வீட்டுக்குப் போக எதற்கு மெட்ராஸ் பஸ்? எனக்கு அது பிடிக்கவில்லை.

டெஸ்க்ஃப்ளோவில் எழுத்தும் படமும் போகும். கோப்பை அனுப்ப, இரண்டு கம்ப்யூட்டரும் பகிர்ந்துகொள்ளும் ஃபோல்டர்தான் வழி. டிஎல்எஸ் குறியாக்கத்தை, அதாவது போகும் வழியில் வேறு யாரும் படிக்காதபடி போடும் பூட்டை, அணைக்காதீர்கள், கிளிப்போர்டில் பாஸ்வேர்டும் போகும்.

சரி, வேடிக்கைக்கு வருவோம். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டி, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஒட்டினேன். வந்தது: ஆங்கில ஜே, கே, பி, ஓ, பின்னாடியே ஒரு அரைப்புள்ளி! கிளிப்போர்டு மேல் தப்பில்லை, பாமினி உள்ளே வைத்திருப்பதே அந்த ஆங்கில எழுத்துகளைத்தான், தமிழ் வடிவம் மேலே தெரிவது மட்டும்தான். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு வைத்திருக்கும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு காப்பி செய்யுங்கள். தாய்மாமன் பெயர் அரைப்புள்ளியோடு அச்சாகிவிட்டால் பந்தியில் யார் பதில் சொல்வது? உங்கள் கடையில் இப்படி ஏதாவது அச்சாகியிருந்தால் கமெண்டில் போடுங்கள், பெயரை மறைத்துவிட்டு!